எட்டுக்கால் சிப்பும் ஐந்து கட்டைச் சுருதியும்

அந்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்தது நான்தான். யாரிடமும் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள், அதனால் கேட்கவில்லை. இன்றைக்கும் யாராவது "அப்படிச் செய்யலாமா?" என்று இழுத்தால், செய்யலாம், செய்தேன், நன்றாகவே செய்தேன் என்றுதான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் என் மாமனார் வீடு. நான் பிறந்தது தி.நகரில். அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவை ஒட்டி ஒரு பாத்திரக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, கிண்டி தொழிற்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர் போர்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சோதனை மேஜையில் வேலை பார்த்தேன். அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர்கள் ஜாதி வேறு, எங்கள் ஜாதி வேறு. இரண்டு வீட்டிலும் அழுது, கத்தி, பட்டினி கிடந்து, கடைசியில் இரண்டு வீட்டாரும் வந்து நின்று நடத்திவைத்த கல்யாணம். கொஞ்ச நாளில் கம்பெனி மூடிப்போனது. அவருக்கு வேறு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது பின்கட்டில், கிணற்றடிக்குப் போகிற வழியில், கால் ஆடுகிற ஒரு பழைய சாப்பாட்டு மேஜை.

அந்த மேஜைதான் என் தொழிற்சாலை. அக்கம்பக்கத்தில் ஊமையாகிப்போன ரேடியோ, நாடாவைத் தின்கிற டேப் ரிக்கார்டர், ஒரு பக்கம் மட்டும் பாடுகிற டூ-இன்-ஒன் எல்லாம் அங்கே வந்து படுத்துக்கொள்ளும். ஈயம் உருகும்போது எழும் வாசனை சமையலறை வரைக்கும் போகும். "ஆத்துக்குள்ள பட்டறை நாத்தம்" என்று மாமனார் மூக்கைச் சுளிப்பார். சுளிப்பதோடு நிறுத்திக்கொள்வார், ஏனென்றால் மேஜை பின்கட்டில் இருந்தது, வருகிறவர்கள் கண்ணில் படாது. எனக்கு அந்த மேஜை இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். சமையல் எனக்கு வரும், கோலமும் வரும். ஆனால் அவற்றுக்காக நான் பாலிடெக்னிக் போகவில்லை.

கூடத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயர் மட்டும் என் மேஜைக்கு வரக்கூடாத பொருள். மாமனாருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எப்போதோ கையால் செய்து கொடுத்தது. தேக்குப் பெட்டி, முன்னால் முள் ஆடுகிற இரண்டு மீட்டர், ஒரு சிவப்பு விளக்கு. மேலே என் மாமியார் பின்னிய வெள்ளை நூல் துணி. அதன் ஸ்விட்சை மாமனார் மட்டுமே போடலாம், குமிழைத் திருகலாம். மற்றவர்கள் தூசி தட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனாரின் நண்பர்களான மூன்று மாமாக்கள் வருவார்கள். ஒருவர் ரிட்டயரான வாத்தியார். ஒருவர் ஏதோ ஒரு சபாவின் கமிட்டியில் இருந்தவர், அவரை நான் மனசுக்குள் சபா மாமா என்று வைத்துக்கொண்டேன். மூன்றாமவர் சின்ன வயசில் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவர், அதற்குப் பரிகாரம் போல் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். காபி ஆனதும் மாமனார் கேசட்டைப் போடுவார். நால்வரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூவரும் கச்சேரி கேட்டே தலை நரைத்தவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவர்கள் காதில்தான்.

அவர்கள் சொல்கிற தீர்ப்பைக் கேட்டால் உங்களுக்கும் சந்தேகம் வரும். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிற வித்வான்களின் கேசட்டைப் போட்டால், "சாரீரம் இருக்கு, ஆனா சுருதி சேரலை ஓய்" என்பார் சபா மாமா. "தம்பூராக்காரன் தூங்கிட்டான்" என்பார் வாத்தியார். ஒரே ஒரு கேசட்டுக்கு மட்டும் எல்லோரும் உருகுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் லஸ் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மாள் பாடியது. பெரிய பெயர் வாங்கியவர் இல்லை. மாமனார் ஸ்பூல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்து, பின்னால் கேசட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். அன்றைக்குத் தம்பூரா போட வேண்டியவர் வராமல் போக, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மாமியாரைப் பின்னால் உட்கார வைத்தார்களாம்.

"என்ன நாதம், என்ன நாதம்! தம்பூரான்னா இதுன்னா தம்பூரா!" என்று சபா மாமா ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

"நம்மாத்துத் தம்பூரா" என்று மாமனார் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். மாமியார் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் மாமனார் ஸ்விட்சை அணைக்க மறந்து மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நான் கூடம் பெருக்கிக்கொண்டிருந்தேன். கேசட் இல்லை, கேசட் போடுகிற டெக்கும் அணைந்து கிடந்தது. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு தம்பூரா வந்துகொண்டிருந்தது. மூம் என்று, விடாமல், சுகமாக. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஹம் தெரியும். கிண்டியில் நான் தினமும் தேடிப்பிடித்த திருடன் அதுதான். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தைச் சரியாக வடிகட்டாவிட்டால் அது ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து இப்படி முனகும்.

மாமியாரைக் கூப்பிட்டேன். "அம்மா, கேசட்டே இல்லாம தம்பூரா கேக்குது, வந்து பாருங்க."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "அஞ்சு கட்டை. ஒரு இழை ஜாஸ்தி" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கல்யாண வீட்டு அம்மாள் பாடுகிற சுருதியும் ஐந்து கட்டைதான் என்று மாமாக்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். மின்சாரம் எப்போதும் ஒரே இடத்தில்தான் முனகும், பாடுகிறவருக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாது. அந்த அம்மாளுக்குப் பொருந்திய முனகல் தம்பூராவாகத் தெரிந்தது. வேறு சுருதியில் பாடிய வித்வான்களுக்கெல்லாம் அது இடறியது. வருஷக்கணக்காக இந்தக் கூடத்தில் எத்தனை பெரிய மனிதர்களுக்குச் சுருதி போதாது என்று தீர்ப்பாகியிருக்கிறது! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணலாக இருந்துகொண்டு ஆடியவர்களைப் பழித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெரிஞ்சா தெரிஞ்சதா இருக்கட்டும், நீ கைவைக்காதே" என்றார். எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மாமனார் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போன அன்று, பெட்டியின் பின்பக்கத் துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறினேன். அங்கே அந்தக் காலத்தில் பெண்கள் வருவது அபூர்வம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா வோணும்? ரிமோட்டுக்கு செல்லா?" என்றார்.

"5532 ஐசி. ஒரு எட்டுக்கால் சாக்கெட். ஆயிரம் மைக்ரோ கெப்பாசிட்டர் ரெண்டு."

"மெக்கானிக்கு எழ்திக் குட்த்தாரா?"

"நான்தான் மெக்கானிக்."

"அப்டிப் போடு! ஒரிஜினலும் கீது, டூப்ளிகேட்டும் கீது. எது தரட்டும்?"

"ரெண்டையும் காட்டுங்க. நகத்தால சுரண்டினா எழுத்து அழியுதான்னு பாத்துக்கறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அழியாததை எடுத்து வைத்தார்.

ஆப்-ஆம்ப் என்று எங்கள் தொழிலில் சொல்கிற சிப் அது. டேப்பிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை ஊதிப் பெரிதாக்கி அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது அதன் வேலை. பழைய சிப் பெரிதாக்கும்போது தன் பங்குக்கு ஒரு இரைச்சலையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. புதியது அந்த விஷயத்தில் நல்ல குலத்துப் பிள்ளை. ஆனால் முனகலுக்கு முக்கியக் காரணம் அதன் பக்கத்தில், மின்சாரத்தை வடிகட்டவேண்டிய இரண்டு கெப்பாசிட்டர்கள். பெட்டியைத் திறந்தபோது இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன.

நான் திருப்புளியோடு கூடத்தில் உட்கார்ந்ததை மாமியார் பார்த்தார். என்ன பண்றே என்று கேட்கவில்லை. வெள்ளைத் துணியை எடுத்து, நாலாக மடித்து, "அழுக்காயிடும்" என்று மட்டும் சொல்லி உள்ளே கொண்டுபோனார்.

பெட்டியை மேஜைக்குக் கொண்டுவந்தேன். பழைய சிப்பின் ஒவ்வொரு காலிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்து, போர்டு கருகாமல் அதை வெளியே தூக்கினேன். அந்த இடத்தில் சாக்கெட் வைத்துப் பற்றவைத்தேன், பின்னால் மாற்றுவதென்றால் சுலபம் என்று. கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன். புதிய சிப்பின் தலையில் இருக்கிற பள்ளம் சரியான பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். தலைமாற்றிச் சொருகினால் கண்மூடித் திறப்பதற்குள் செத்துவிடும். மீட்டரை வைத்து அளந்துவிட்டுத்தான் கூடத்துக்குக் கொண்டுபோய் ஸ்விட்சைப் போட்டேன்.

"ஆன் பண்ணலையா?" என்றார் மாமியார், சமையலறை நிலைப்படியில் நின்றபடி.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குமிழை முக்கால் வரைக்கும் திருகியிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. வெளியே சைக்கிள் மணி கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து நின்று கையைத் தட்டினேன். கம்பெனி மூடிய பிறகு நான் செய்த முதல் பெரிய வேலை அது.

அந்த அம்மாளின் கேசட்டைப் போட்டேன். குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வயலினில் வில் திரும்புகிற இடம் கேட்டது. கல்யாண வீட்டில் யாரோ பாத்திரம் நகர்த்துவது கூடக் கேட்டது. பின்னால் எங்கோ, நூலாக, நிஜத் தம்பூரா. மாமியார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று உள்ளே போனார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாக்கள் வந்தார்கள். மாமனார் முதலில் ஒரு பெரிய வித்வானின் கேசட்டைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் சபா மாமா கண்ணைத் திறந்தார். "என்ன ஓய், இன்னிக்கு இவருக்குச் சுருதி இப்படிச் சேர்ந்துண்டிருக்கு!"

"நான் அப்பவே சொன்னேனே, அவர் ஞானஸ்தர்னு" என்றார் வாத்தியார். தம்பூராக்காரன் தூங்கிவிட்டான் என்று போன வாரம் சொன்னவர் இவர்தான். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு அந்த அம்மாளின் கேசட். பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்குள் சபா மாமா கையைத் தூக்கினார். "நிறுத்துங்கோ. தம்பூரா எங்க?"

மாமனார் குமிழைத் திருகினார். இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்தார். "கேசட் தேஞ்சுபோச்சோ என்னமோ" என்றார். முகம் வாடிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழி கேசட்டோடு போயிருக்கும். ஆனால் என் கைவேலையை ஒரு கேசட்டின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. கூடத்துக்கு வந்தேன்.

"கேசட் நல்லாத்தான் இருக்கு. ஆம்ப்ளிஃபயர்ல சிப் பழசா இருந்தது, மாத்தினேன். கெப்பாசிட்டரும் உப்பியிருந்தது, அதையும் மாத்தினேன். இத்தனை நாளா நீங்க கேட்டது தம்பூரா இல்லை, கரண்ட் முனகுற சத்தம்."

நான் பின்கட்டுக்குப் போய்ப் பழைய சிப்பைப் போட்டு வைத்திருந்த டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன். சபா மாமா அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். "எட்டுக்கால் பூச்சின்னா இது! இந்தப் பூச்சியைப் பிடுங்கிப் போட்டு நாதத்தையே கொன்னுட்டாளே, பாவி! குரங்கு கையில பூமாலை." பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நாப்பது வருஷமா மார்கழிக்கு மார்கழி முன்வரிசையில உக்காந்து கேக்கறேன். எனக்குத் தெரியாதது, பாத்திரக்கடையில பொறந்த நோக்குத் தெரிஞ்சுடுத்தா?"

"பாத்திரத்தைத் தட்டிப் பாத்து, சத்தத்தை வச்சே விரிசல் இருக்கா இல்லையான்னு சொல்லத் தெரியும் மாமா" என்றேன். "கடைக்கு வர்றவங்க யாரும் கண்ணை மூடிக்க மாட்டாங்க."

மிருதங்க மாமா வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மாமனார் எழுந்து நின்றார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இவா வரதுக்குள்ள இது பழையபடி இருக்கணும். இல்லேன்னா பின்கட்டுல அந்த மேஜை இருக்கப்படாது. இனிமே இந்த ஆத்துல நீ ஒரு ஸ்க்ரூவைத் தொடப்படாது."

என் வீட்டுக்காரர் மத்தளம் ஆனார், இரண்டு பக்கமும் இடி. "சாக்கெட்தானே வச்சிருக்கே? பழசைச் சொருகி, பழைய கெப்பாசிட்டரையும் வச்சிடு. ஒரு ஞாயித்துக்கிழமை பழைய குருடி கதவைத் திறடின்னு ஓடட்டும். அப்புறம் மெதுவா மாத்திக்கோ" என்று நயமாகச் சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை, வேலை அரைமணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் கெட்டுப்போன பொருளைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்ததற்காக அதைத் திரும்பக் கெடுத்துவைக்கும்படி ஒருவர் சொல்ல, நான் சரி என்று தலையாட்டினால், அதற்குப் பிறகு அந்த மேஜையில் உட்கார்ந்து எதைச் சரிசெய்வேன்? அதைக் கேட்டேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. மேஜை போய்விட்டால் எனக்கு அந்த வீட்டில் வேறு இடம் எது?

மறுநாள் மத்தியானம், மாமனார் தூங்கப்போனதும், மாமியார் என் மேஜைக்கு வந்தார். "அந்தக் கேசட்டைப் போடறியா? மெதுவா வை" என்றார். போட்டேன். கூடத்தில் உட்கார்ந்து மூன்றாவது பாட்டு வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த நாளும் வந்தார். அதே பாட்டு. அதற்கும் அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நானும் கேட்டேன். பாட்டு மேலே ஏறுகிற ஓர் இடத்தில் அவருடைய விரல்கள் மடியில் இருந்த முறத்தை இறுக்கிப் பிடித்தன. அந்த இடத்தில் அம்மாளின் குரல் கொஞ்சம் பின்வாங்கியது. அதன் பின்னாலிருந்து இன்னொரு குரல், இளசாக, தயங்காமல், அந்த உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"யாரும்மா அது?"

"கேக்கறதா நோக்கு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் எட்டு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்று அந்த அம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். மேலே போகவேண்டிய இடத்தில் திரும்பி, தம்பூராவோடு உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்துக் கண்ணால் கேட்டாராம். மாமியார் பாடினார். "உன் மாமனார் பக்கத்து ரூம்ல மெஷின் கிட்ட உக்காந்துண்டு மீட்டர் முள்ளையே பாத்துண்டிருந்தார். ஆத்துக்கு வந்ததும் போட்டுக் கேட்டோம். அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல ஒண்ணும் தெரியலை. அப்புறம் இந்த ஆம்ப்ளிஃபயர் வந்தது, இதுலயும் வரலை. மைக்குக்கே எட்டலை போலிருக்குன்னு நெனச்சுண்டேன். சொல்லி என்ன ஆகப்போறது? சொன்னா நம்பணுமே."

அதற்குப் பிறகு எங்கேயும் பாடவில்லையா என்று கேட்டேன். ஆத்துக்குள்ள பாடினா போறும் என்றார்களாம். ஆத்துக்குள் ஒரு நாளும் நேரம் இருக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் அந்தக் குரல் அந்த நாடாவுக்குள் இருந்திருக்கிறது. இதே கூடத்தில், வாராவாரம், நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மேல் ஓடிய மின்சாரத்துக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். பழைய சிப்பையும் கெப்பாசிட்டரையும் நான் திரும்ப வைத்தால் இந்தக் குரல் மறுபடி அதற்குக் கீழே போய்விடும். மேஜை போனால் போகட்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமனார் கேட்டார். "மாத்தியாச்சா?"

"இல்லைப்பா. மாத்த மாட்டேன்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்போ மேஜையைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காலி பண்ணவில்லை.

மாமாக்கள் வந்தார்கள். காபி ஆயிற்று. மாமனார் கேசட் போடாமல் உட்கார்ந்திருந்தார். சபா மாமாதான், "அந்த அம்மாளைப் போடுங்கோ, தம்பூரா திரும்பி வந்துதா பாக்கலாம்" என்றார். வேறு வழியில்லாமல் போட்டார். பாட்டு ஆரம்பித்தது. சபா மாமா உதட்டைப் பிதுக்கினார். "எங்க ஓய்? ஆம்படையான் வாக்குக்கும் மதிப்பில்லை, மாமனார் வாக்குக்கும் மதிப்பில்லை. தம்பூராவே இல்லாம ஒரு கச்சேரி!"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பூரா இருக்கு."

மாமியார் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்திருந்தார். கையில் டம்ளர் எதுவும் இல்லை. "நான்தான் போட்டேன். தம்பூரா அவ்வளவுதான் கேக்கும். அதுக்கு மேல கேட்டதெல்லாம் நான் போட்டதில்லை."

வாத்தியார் காலியான காபி டம்ளருக்குள் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாம், தம்பூரா போட்டவளே எதிரில் நின்றால் என்ன சொல்வது?

"மூணாவது பாட்டு வரட்டும். பேசாம கேளுங்கோ" என்றார் மாமியார். தரையில் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது பாட்டு வந்தது. ஒருவரும் கண்ணை மூடவில்லை. பாட்டு மேலே ஏறியது, அம்மாளின் குரல் பின்வாங்கியது, அந்த இளம் குரல் எழுந்து நின்றது. மிருதங்க மாமாவின் கை தொடையில் அப்படியே நின்றுவிட்டது. "அடடா! யார் இது, பின்பாட்டு?" என்று கேட்டார். மாமியார் மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் எழுந்து போய்க் கேசட்டை நிறுத்தினார். பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி போட்டார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார். மறுபடியும் ஓட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"நீயா?" என்றார். "நீ பாடினயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்கதானே ரெக்கார்ட் பண்ணேள்" என்றார் மாமியார்.

மறுநாள் காலையில் மாமனார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேஜையைப் பின்கட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் ஜன்னல் ஓரமாகப் போட்டேன். வைக்கலாமா என்று கேட்கவில்லை, அவரும் தடுக்கவில்லை. ஆடுகிற காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தேன். வாசலில் ரேடியோவோடு ஒருவர் வந்து நின்றார், உள்ளே வரச் சொன்னேன்.